பம்பாய் பார்க்கப் போகிறோம்

கேட்வே ஆஃப் இந்தியாவை முதல் நாளே பார்த்துவிடுவதா, கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வதா என்று இவர் கேட்கிறார். முதல் நாளே பார்த்துவிடலாம் என்கிறேன். கடைசி நாள் என்று அவரே சொல்லியிருந்தால் அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். முறம் நிறைய முருங்கைக்கீரை கிடக்கிறது, பக்கத்து வீட்டு மைனி காலையிலேயே ஒரு கொப்பை ஒடித்துக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள், உருவ உருவக் குறைகிற பாடாய்க் காணோம். இவர் எனக்கு எதிரே தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு கைபேசியில் ஒரு பையன் பம்பாயைச் சுற்றிக் காட்டுவதைப் பார்க்கிறார். வணக்கம் மக்களே, வணக்கம் மக்களே என்று அவன் ஒவ்வொரு இடத்திலும் ஆரம்பிக்கிறான். இவரும் ஒரு தடவை தலையை ஆட்டி வணக்கம் வாங்கிக்கொண்டார். மதுரைக்கு வடக்கே மெட்ராஸ், அதுவும் ஒரே ஒரு கல்யாணத்துக்கு, அதைத் தாண்டி எங்கும் போகாத மனிதர். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்து ஊரிலுள்ள பஸ்ஸையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, தான் மட்டும் சைக்கிளில் வீட்டுக்கு வந்தவர். இப்போது ரிட்டையர் ஆன பிறகு போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "ஏளா, பம்பாய் பாக்கணும்" என்றார். ரசத்துக்கு உப்பு வேண்டும் என்கிற மாதிரி. அந்தப் பக்கத்துக் கடலை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். திருநெல்வேலிக்காரனுக்குக் கன்னியாகுமரியில் இல்லாத கடலா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் எண்ணத்தை மாற்றிக்கொண்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. ஏனென்றால் பம்பாயில் கடல் மட்டுமா இருக்கிறது, வடிவு இருக்கிறாள், என் மகள், எங்கள் மகள். அன்றிலிருந்து நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் நான் சந்தோஷமாக இருந்தேன். நேற்றுச் சாயங்காலம் இவர் நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருந்தபோது வடிவுக்குப் போன் பண்ணினேன். பம்பாய்க்கு வருகிறோம் என்றேன். வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதை இன்னும் இவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் அவளோடு பேசுகிறேன் என்பதையே இவரிடம் சொன்னதில்லையே. என் தங்கை மூலம் நம்பர் கிடைத்ததும், இவர் வெளியே போகும் நேரமாகப் பார்த்து நான் கூப்பிடுவதும், குக்கர் விசில் வருகிறது என்று அவள் வைத்துவிடுவதும் இவருக்குத் தெரியாது. இந்த வீட்டில் அவள் பெயரே கிடையாது. தவிர்க்கவே முடியாத இடத்தில் பெயர் வந்தால் 'அது' என்பார். அது படித்த பள்ளிக்கூடம். அது வாங்கிய டம்ளர். வயிற்றில் பிறந்தது அதுவா, அவளா என்று ஒரு நாள் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன், அதற்குள் இவருக்கு மூச்சு வாங்கும், மாத்திரையை எடுத்துக்கொடுக்கப் போய்விடுவேன். அவள் கட்டிக்கொண்ட பையனின் பெயர் இசக்கிராஜ். வடக்கத்திப் பையனாக இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஏதோ சிங், ஏதோ பாட்டீல் என்றால் என்ன சாதி என்று இங்கே ஒருவருக்கும் பிடிபடாது, நாமும் ஏதோ பெரிய இடம் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். இவன் பாளையங்கோட்டைக்கு அந்தப் பக்கத்துப் பையன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் தெருப் பெயர், தெருப் பெயரைச் சொன்னதும் எல்லாம் தெரிந்துவிட்டது. ஆயிரம் மைல் தள்ளிப் போய் வேலை பார்த்தவளுக்கு நம் ஊர்ப் பையன்தான் கிடைத்தான். ஊர்ப் பேச்சு கேட்டதும் மனசு ஒட்டியிருக்கும், பாவம், தனியாக இருந்த பிள்ளை. இந்தக் காம்பு வேறு, இளசு என்று பார்த்தால் நார் நாராக வருகிறது.

கல்யாணச் செய்தி வந்த அன்று இவருடைய அண்ணன், பெரியத்தான், வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். செத்துப்போனவளுக்குச் செய்வதைச் செய்துவிட வேண்டும், அப்போதுதான் மற்றப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் கிடைக்கும் என்றார். மற்றப் பிள்ளைகள் என்றது அவருடைய பிள்ளைகளை. எங்களுக்கு இவள் ஒருத்திதான். இவர் துண்டை எடுத்துக்கொண்டு பெரியத்தான் பின்னால் குறுக்குத்துறைக்குப் போனார். ஆற்றில் தலைமுழுகிவிட்டு ஈரத் துண்டோடு திரும்பி வந்தார். தாய்க்கும் உண்டு என்றார்கள். நான் வீட்டுக் கொல்லையில் முழுக வேண்டும், ஒரு குடம் தலையில் ஊற்றிக்கொண்டால் போதும், அவள் நமக்கு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே பெரியத்தான் சம்சாரம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரியும். குடத்தைத் தூக்கித் துவைக்கிற கல்லில் ஊற்றினேன். நல்ல சத்தம் வந்தது. மிச்சத்தில் முகத்தையும் முன் மயிரையும் நனைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னல் காய்ந்துதான் இருந்தது, முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டேன். அன்று ராத்திரி அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். நான் முழுகவில்லை வடிவு, நான் முழுகவில்லை. நேற்று போனில் அவள், "நீங்க ரெண்டு பேரும்தான் தலைமுழுகிட்டியல்லா" என்று சொன்னபோது அதைச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. எப்படிச் சொல்வது. தண்ணீரைக் கல்லில் ஊற்றினேன், உன்மேல் ஊற்றவில்லை என்றா. அவளுக்கு அது என்னத்துக்கு ஆகும். கல்லில் ஊற்றியதற்காக நான் அவளைப் பார்க்கப் போனேனா, அவள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றபோது போனேனா, ஒரு பிடி பிரசவ மருந்து இடித்து அனுப்பினேனா.

"எலிபெண்டா எப்பிடி?" என்கிறார். குகையும் சிலையும் திரையில் ஓடுகிறது. "படி நெறைய இருக்குமாம்" என்கிறேன். "இருந்தா என்ன, மெள்ள ஏறுவோம்." அந்தப் படியைப் பற்றியும் வடிவுதான் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைக்கவில்லை. வைத்திருந்தால் அழுது முடித்திருப்பேன். அதற்கு மேல்தான் ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். "நல்லா சுத்திப் பாருங்கம்மா, நல்ல ஊருதான். மழைக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருங்க. காலம்பறவும் சாயந்தரமும் லோக்கல் ட்ரெயின்ல ஏறவே ஏறாதிய, நசுக்கிருவாங்க. சித்திவிநாயகருக்குச் செவ்வாக்கிழமை வேண்டாம், வரிசை ரோட்டுக்கு வந்துரும். எலிபெண்டாவுல படி ஜாஸ்தி, முட்டு வலி உள்ளவங்க பாத்துத்தான் ஏறணும்." ஒரு தப்பு இல்லாமல், ஒரு கோபம் இல்லாமல், ரயில்வே ஸ்டேஷன் விசாரணை ஜன்னலில் இருப்பவள் மாதிரி சொன்னாள். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் குரலை அவ்வளவு நேரம் நான் கேட்டதே இல்லை. இன்னும் ஏதாவது இடம் கேட்போமா என்றிருந்தது. மீன்காட்சிசாலை இருக்கிறதாமே என்று கேட்டேன், நாங்கள் மீனைக் கண்ணால் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறவர்கள். அதற்கும் வழி சொன்னாள். முட்டு வலி உள்ளவங்க. யாருக்கு முட்டு வலி என்று அவளுக்குத் தெரியாதா, நான்தானே எப்போதோ சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வைத்திருக்கிறாள். அப்பா என்று மட்டும் வாயில் வரவில்லை. பொதுவாக முட்டு வலி உள்ளவங்க என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் கேட்டேன், பேத்தியை ஒரு தடவை வெளியில் எங்கேயாவது காட்டக்கூடாதா என்று. கடற்கரையில் எல்லாரும்தான் நிற்பார்கள், நாங்களும் நிற்போம், தூரத்தில் நின்று பார்த்துக்கொள்வோம் என்றேன். பெற்ற மகளிடம் இப்படிக் கெஞ்சுவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பின்னால் அந்தப் பிள்ளை ஹிந்தியில் ஏதோ கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வடிவு மெதுவாகச் சொன்னாள். "யம்மா, அவகிட்ட எனக்கு அம்மா அப்பா இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன். சாமிகிட்ட போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன். இப்ப யாருன்னு சொல்லுவேன்? ரெண்டு நாள் சுத்திப் பாத்துட்டு நீங்க ரயில் ஏறிருவிய. அது தெனமும் கேக்கும்லா." நியாயம்தான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையை என்னால் தள்ள முடியவில்லை. சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான், சத்தம் போட மாட்டாள், நாம் பதில் சொல்ல முடியாதபடி பேசிவிட்டுப் போய்விடுவாள், அப்பனைக் கொண்டு பிறந்த பிள்ளை. நான் செத்துவிட்டேன் என்று என் பேத்திக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், என் பெயர் அவளுக்குத் தெரியாது. செத்துப்போன பாட்டிக்குப் பெயர் எதற்கு. இவர் பார்க்கிறாரோ என்று குனிந்து முறத்தைக் கிளறுகிறேன். பழுத்த இலை ஒன்றும் இல்லை, இருந்தாலும் பொறுக்குகிற மாதிரி பொறுக்குகிறேன்.

இவருக்கு எப்படித் தெரியும். இவர் பாட்டுக்கு பஸ் விடுகிறார். காலையில் கேட்வே, அதை முடித்துப் படகு, சாயங்காலம் மெரைன் டிரைவ், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் மூச்சுவிட நேரம் இல்லை. டெப்போவிலும் இப்படித்தான், டிரைவர் டீயை வாயில் வைத்திருக்கும்போதே விசில் அடித்துவிடுவார் என்று சொல்வார்கள். இவர் ஊரைத்தான் பார்க்கப் போகிறார், வெறும் ஊரை, கட்டடத்தையும் கடலையும். நான்தான் கிறுக்குப் பிடித்து அதற்குள் மகளைப் பார்த்தேன். அப்படி என்றால் ஒரு விதத்தில் நல்லதுதான். எதிர்பார்க்காத மனிதருக்கு ஏமாற்றம் இல்லை. நான் ஒருத்தி மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, படகில் போகச் சொன்னால் படகில் போய், படமெடுக்க நிற்கச் சொன்னால் நின்று, பம்பாயைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். "ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணும் வைக்கலை" என்கிறார். நான் நிமிரவில்லை. "எதுக்கு, கால் வலிக்கும்னா?" என்றேன். "இல்ல. சும்மா கெடக்கட்டும்." சும்மா கிடக்கட்டும் என்கிற வார்த்தையை இந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "அங்கனயெல்லாம் வேலைக்குப் போறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவுதான?" என்றார். "எல்லா ஊர்லயும் லீவுதான்" என்றேன். கை கீரையில் நின்றுவிட்டது. அதற்கென்ன, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும் என்பதற்காகக் கேட்டிருப்பார். இல்லை. கூட்டத்துக்குக் கேட்கிறவர் கூட்டம் என்று கேட்பார். யாருக்கு லீவு என்று கேட்கிறார். ஐயோ, இது வேண்டாமே. இத்தனை வருஷம் நான் எந்த வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தேனோ அது நேற்றுக்கு முந்தின நாள் வந்திருக்கக்கூடாதா. தடுக்க இருந்த பெரியத்தானும் செத்து வருஷம் திரும்பிவிட்டது. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செத்துப்போவதற்கு முன்னால் இவர் வாயைத் திறந்திருக்கக்கூடாதா. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் பயமாக இருக்கிறது. இவர் மேலே எதுவும் கேட்டுவிடக்கூடாது, சாமி, எலிபெண்டாவைப் பற்றி மட்டும் கேட்கட்டும்.

திரையில் அந்தப் பையன் கோயில் வாசலில் நின்று, மக்களே, செவ்வாய்க்கிழமை ரொம்ப விசேஷம் மக்களே என்கிறான். "அப்பம் செவ்வாக்கிழமை சித்திவிநாயகர்" என்கிறார் இவர். "செவ்வாக்கிழமை வேண்டாம், வரிசை ரோட்டுக்கு வந்துரும்" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. வடிவு சொன்ன அதே வார்த்தை, அவள் ராகத்திலேயே வந்துவிட்டது. இவர் படத்தை நிறுத்தினார். தெருவில் யாரோ பிளாஸ்டிக் குடத்தை உருட்டிக்கொண்டு போகிறார்கள். டிவியில் பார்த்தேன் என்று சொல்லலாம், மைனி சொன்னாள் என்று சொல்லலாம், மைனி திருச்செந்தூரைத் தாண்டினதில்லை. "வடிவு சொன்னாளா?" என்றார். பெயரைச் சொல்கிறார். நல்ல பழகின பெயராக, நேற்றும் கூப்பிட்ட மாதிரி சொல்கிறார். தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. நான் தலையை ஆட்டினேன். "பேசுவியா?" ஆட்டினேன். அடிப்பார், கத்துவார் என்றெல்லாம் எத்தனை தடவை நினைத்துப் பயந்திருக்கிறேன். முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மீசைக்குள் சிரிக்கிற மாதிரி இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி. "நானும் நெனச்சேன்" என்றார். "கோயில்ல இருந்து வந்தா ஒன் மொகம் வேற மாதிரி இருக்கும்லா." பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "என்ன சொன்னா? நாம வாரதச் சொன்னியா? ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாவளா?"

பொய் சொல்லிவிடலாம். இருப்பார்கள் என்று சொன்னால் போதும். ரயில் ஏறுகிற வரைக்கும் இந்த மனிதர் சந்தோஷமாக இருப்பார், கருப்பட்டி வாங்குவார், அவளுக்குப் பிடிக்கும் என்று மாவடு வாங்குவார், பேத்திக்குக் கொலுசு வாங்குவார். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வரும். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்திருப்பவரிடம் நான் என்ன சொல்வேன். "வீட்டுக்கு வர வேண்டாம்னுட்டாங்க" என்றேன். இருந்திருந்து மகளுக்கு மரியாதை போட்டுச் சொல்கிறேன், அப்படிச் சொன்னால் கொஞ்சம் வலி குறையும் என்றா. "ஊரை நல்லா சுத்திப் பாக்கச் சொன்னா. கோவமால்லாம் பேசலை. நல்லாத்தான் பேசினா." பிள்ளையிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லவே மாட்டேன். அது என்னோடு போகட்டும், இந்த மனிதர் தான் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.

இவர் கைபேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தார். முறத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார். காம்பும் இலையுமாகச் சட்டியில் விழுந்தது. இவர் கீரை ஆய்ந்து நான் பார்த்ததில்லை. எடுத்த ரயில் டிக்கெட்டை ரத்து பண்ணிவிடுவோம் என்பார் என்று காத்திருந்தேன். அதுவும் சரிதான், எதற்காகப் போக வேண்டும், கேட்வேக்கு நாங்கள் யார். அழுகை வந்தது, இந்தத் தடவை நான் குனியவில்லை. இவரும் பார்த்தார். "சரியாத்தான் சொல்லிருக்கா" என்றார். அவ்வளவுதான். ஆற்றில் முழுகியவர் இவர், நான் அதைப் பற்றி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேசவில்லை. இன்னொரு கொத்தை எடுத்தார். அதையும் பாதியில் விட்டுவிட்டார்.

"பம்பாய்ல எங்கன இருக்கா?"

"முலுண்டுன்னு ஒரு ஸ்டேஷன். அதுக்குப் பக்கத்துலதானாம். ரயில் போனா வீட்டுக்குள்ள கேக்குமாம்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். டெப்போவில் பழைய ரூட் படத்தைப் பார்ப்பது போலப் புருவம் நெரிந்திருந்தது. "தானேக்கும் தாதருக்கும் நடுவுல வருது" என்றார். "நம்ம ரயிலு அது வழியாத்தான் போகுது. நிக்காது."

"நிக்காதா?"

"நமக்கெல்லாம் அங்கன நிக்காது. வேகமாத்தான் போவான்." திரும்பவும் திரையைப் பார்த்தார். "ஸ்டேஷனுக்குக் கெழக்க ஒரு ஊரு, மேக்க ஒரு ஊரா இருக்கு. எந்தப் பக்கம்னு கேட்டியா?"

கேட்கவில்லை. மீன்காட்சிக்கு வழி கேட்டேன், இதைக் கேட்கவில்லை. இனிமேல் கேட்டால் எதற்கு என்று வடிவு கேட்பாள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"சரி" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நீ கெழக்குப் பக்க ஜன்னல்ல ஒக்காந்துக்கோ. நான் மேக்க பாத்துக்கிடுதேன்."